கேளுங்கள், சொல்கிறோம்: கடல் கடந்த கூடைப்பந்து

கேள்வி: அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காத அமெரிக்க வீரர்கள் ஐரோப்பிய கிளப்களுக்கு ஆடப் போகிறார்களே, சம்பளம் ஒழுங்காக வருமா?

பதில்: பெரிய கிளப் என்றால் பெரும்பாலும் வந்துவிடும். சின்ன கிளப்பில் ஸ்பான்சர் கைவிட்டால் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். அதனால் ஒப்பந்தத்தில் தொகைக்கு முன்னால் தேட வேண்டியது 'பாட்' ஷரத்து. பாட் என்பது உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா 2007-ல் தொடங்கிய, சம்பளத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் தீர்ப்பாயம். அந்த ஒரு பத்தி விடுபட்டால் ஊர்பேர் தெரியாத கோர்ட்டில் அலைய வேண்டியதுதான். தீர்ப்பை மதிக்காத கிளப்புக்குப் புது வீரர்களைப் பதிவுசெய்ய ஃபிபா தடை போடலாம். அது வந்தால் பல கிளப்களுக்கு எப்படியோ பணம் கிடைத்துவிடுகிறது!

சம்பளம் வரி போகக் கையில் எவ்வளவு, எத்தனை நாள் தாமதமானால் விலகலாம், வீடும் விமான டிக்கெட்டும் யார் செலவு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். முன்பு ஆடிய நாட்டின் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விடுவிப்புக் கடிதம் வராமல் களமிறங்க முடியாது. பழைய ஒப்பந்தம் முடியாமலிருந்தால் சிக்குவது இங்கேதான்.

கேள்வி: அங்கே ஆட்டமும் வேறா?

பதில்: நிறையவே. கால் பகுதிக்கு என்.பி.ஏ.வைப் போல 12 அல்ல, 10 நிமிடம். ஆறாவது அல்ல, ஐந்தாவது ஃபவுலிலேயே வெளியே. யாரையும் நெருங்கித் தடுக்காமல் கூடைக்கடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று தடுப்பவருக்கு என்.பி.ஏ.வில் உள்ள விதி அங்கே கிடையாது. உயரமான ஆள் கூடைக்கடியிலேயே நிற்பார். பாய்ந்து நுழைந்தே பழகியவர்கள் முதல் மாதம் திணறுவது அதனால்தான்.

கேள்வி: என்.பி.ஏ.விலிருந்து சீனாவுக்குப் போன ஸ்டீபன் மார்பரிக்குப் பெய்ஜிங்கில் சிலையாமே?

பதில்: ஆமாம். 2012-ல் பெய்ஜிங் டக்ஸ் கிளப்புக்குச் சீன லீக்கில் முதல் பட்டம் வென்று தந்ததற்கு. 2014, 2015-லும் வென்றார்.