எண் ஏறாத ஆட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி நாட்களிலிருந்தே வீடியோ கேம் ஆடுகிறவன் நான். சில ஆண்டுகளாக நண்பர்களோடு ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இருந்தேன். தினமும் முடிக்க வேண்டிய பணிகள், அவற்றுக்குப் புள்ளிகள், புள்ளி சேர்ந்தால் புதிய ஆயுதம். இப்போது அதை விட்டுவிட்டு, ஒரு கார் விளையாட்டில் எந்தப் பந்தயத்திலும் சேராமல் மலைச்சாலைகளில் சும்மா ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறது. ‘லெவலும் ஏறாமல், எதுவும் அன்லாக் ஆகாமல் இதெல்லாம் ஒரு விளையாட்டா?’ என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். விளையாடுவதே நேர விரயம், அதிலும் இப்படி ஆடுவது இரட்டை விரயமோ? பழைய விளையாட்டை அழித்துவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

விளையாட்டை விரயக் கணக்கில் எழுதும் அந்தப் பேரேட்டையே நான் ஏற்பதில்லை. ஆகவே இரட்டை விரயத்துக்கு அதில் பக்கம் தேட வேண்டியதில்லை.

உங்கள் நண்பர்கள் இயல்பானது என்று நினைப்பது மிகச் சமீபத்திய ஏற்பாடு. 1962இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்லூரியில் உருவான ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டில் இரண்டு விண்கலங்கள் ஒரு விண்மீனின் ஈர்ப்புக்குள் சுற்றியபடி சுட்டுக்கொள்ளும். அவ்வளவுதான், திறக்க ஒன்றும் இல்லை. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் ‘டெட்ரிஸி’ல் லெவல் உண்டு. ஆனால் அது ஏறினால் கட்டைகள் இன்னும் வேகமாக விழும். லெவல் அங்கே பரிசாக வரவில்லை, தொல்லையாக வந்தது! அந்த எண் உங்கள் கைத்திறனை அளந்தது. இன்றைய லெவல் பெரும்பாலும் நீங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தை அளக்கிறது.

2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவி வந்தபோது, குறிப்பிட்ட செயல்களை முடித்தால் கிடைக்கும் சாதனைப் புள்ளிகள் எல்லா விளையாட்டுகளிலிருந்தும் ஒரே கணக்கில் சேரத் தொடங்கின. 2007இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி 4’ பலர் கூடி ஆடும் சண்டைக்குள் 55 லெவல்களை வைத்தது. உச்சியைத் தொட்டவர் விரும்பினால் அதுவரை அன்லாக் செய்த ஆயுதங்களையெல்லாம் இழந்து முதல் லெவலுக்கே திரும்பலாம். கைம்மாறாகப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம் கிடைக்கும். ஏராளமானோர் விரும்பியே திரும்பினார்கள். அந்தத் துப்பாக்கிகளுக்காகத்தான் இத்தனை நாள் ஆடினோம் என்று சொன்னவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது துப்பாக்கி அல்ல, எண் ஏறிக்கொண்டே இருப்பது.

இதைப் பார்க்கும்போது 1973இல் மார்க் லெப்பரும் சக உளவியலாளர்களும் வெளியிட்ட ஆய்வு எனக்கு நினைவுக்கு வருகிறது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதை விரும்பிய மழலைப் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள், கொடுக்கவும் செய்தார்கள். பிறகு அதே பேனாக்களை வகுப்பறையில் சும்மா வைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். முன்பு சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு இப்படி நேரவில்லை. வெகுமதியைவிட, வெகுமதிக்காகத்தான் செய்கிறோம் என்ற எதிர்பார்ப்புதான் ஆசையைத் தின்றது. தினப் பணிகள் முழுவதும் அந்த எதிர்பார்ப்பின்மேல் கட்டப்பட்டவை.

இருந்தாலும், சாதனைப் பட்டியல்களை மொத்தமாகப் பழிக்க எனக்கு மனமில்லை. ‘ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூ’ என்ற துப்பாக்கி விளையாட்டில் ஒரு தோட்டத்துக் குள்ளன் பொம்மையை ஏறக்குறைய ஆட்டம் முழுவதும் சுமந்துபோய் ராக்கெட்டில் ஏற்ற வேண்டும் என்று ஒரு சாதனை உண்டு. எதிரிகள் துரத்தும்போது ஒரு கையாலாகாத பொம்மையைக் காப்பாற்றும் அந்தக் கூத்து, அதைச் செய்து முடித்ததற்கான அறிவிப்பைவிடப் பலமடங்கு சுவையானது. உங்கள் நண்பர்களிலும் ஒருவர் பட்டியலை நிரப்புவதையே ரசித்து ஆடலாம். அவரை விட்டுவிடுங்கள்.

பழைய விளையாட்டை இப்போதைக்கு அழிக்க வேண்டாம். அதன் அறிவிப்புகளை நிறுத்துங்கள், தினப் பணிகளைத் திரும்பிப் பார்க்காதீர்கள், நண்பர்கள் கூப்பிட்டால் மட்டும் போய் ஆடுங்கள். ஒரு மாதம் கழித்தும் அந்தச் சண்டை பிடித்திருந்தால் இருக்கட்டும். சலித்துவிட்டால், இத்தனை காலம் உங்களை அங்கே பிடித்துவைத்திருந்தது எது என்று தெரிந்துவிடும். அப்போது அழியுங்கள்.