பின்சக்கர அலைன்மென்ட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் ஜீப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாற்றினோம். அன்றிலிருந்து நேர் ரோட்டில் போகும்போது ஸ்டீயரிங் வலப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. அலைன்மென்ட் ரிப்போர்ட்டில் பின்சக்கர டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே, அதாவது +, அல்லது வெளியே, அதாவது –, திரும்பியிருக்கும் கோணம்) இடது +0.30 டிகிரி, வலது –0.30 டிகிரி என்று சிவப்பில் வருகிறது. "ஒரே ஆக்ஸில், பின்னால் திருப்ப எதுவும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இதற்கு வழி உண்டா?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: திருப்புவதற்கு போல்ட் இல்லை என்பது உண்மை. அதனால் சரிசெய்ய முடியாது என்பது தவறு. ஒற்றை ஆக்ஸிலில் அளவு பிசகினால், ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. எது என்பதை உங்கள் ரிப்போர்ட்டே சொல்கிறது.

இரண்டு டோவையும் கூட்டுங்கள். +0.30, –0.30 கூட்டினால் பூஜ்யம். அதாவது சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கின்றன. ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) முன்பின்னாக வளையவில்லை. மொத்த ஆக்ஸிலும் வலப்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கிறது. இதைத்தான் மெஷின் த்ரஸ்ட் ஆங்கிள் என்று காட்டும். பின்சக்கரங்களுக்கு நடுவே 1,340 மி.மீ. அகலம் இருந்தால், 0.30 டிகிரிக்கு இடது சக்கரம் வலதைவிட 7 மி.மீ. முன்னால் நிற்கிறது என்று அர்த்தம். பட்டை மாற்றிய பிறகுதான் இது வந்தது என்பதால் பட்டை உட்காரும் இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டேப் போதும். வண்டியைச் சமதளத்தில் பத்து மீட்டர் நேராக முன்னால் ஓட்டி நிறுத்துங்கள். பட்டையைச் சேஸியோடு இணைக்கும் ஷாக்கிள் பெரும்பாலும் பட்டையின் பின்முனையில்தான் இருக்கும், அது ஆடும். முன்முனை போல்ட் ஆடாது, ஆக்ஸிலின் இடத்தைத் தீர்மானிப்பதும் அதுதான். எனவே முன்முனை போல்ட்டின் மையத்திலிருந்து ஆக்ஸிலின் மையம் வரை இரண்டு பக்கமும் அளவெடுங்கள். டேப் சாய்ந்தால் அளவு பொய்யாகும். கொத்தனார் தூக்குக்குண்டைக் கட்டி நான்கு புள்ளிகளையும் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு அளப்பது நல்லது. 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், பட்டையின் முன்முனை மாட்டியிருக்கும் பிராக்கெட்டையும் சேஸியையும் பாருங்கள்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலுக்குத் தனியாக ஜாக்கி கொடுங்கள். பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டைத் தளர்த்தினால், பட்டைத் தகடுகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை தெரியும். அது ஹவுசிங் மேடையில் உள்ள துளைக்குள் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருக்கலாம், தலை அறுந்திருக்கலாம், துளையே முட்டை வடிவமாகியிருக்கலாம். துளை கெட்டிருந்தால் லேத் பட்டறையில் நிரப்பி, சரியான இடத்தில் மறுபடி துளையிட வேண்டும். இன்னொன்று: புதுப் பட்டைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, கண்ணின் (பட்டையின் முனை வளையத்தின்) மையத்திலிருந்து சென்டர் போல்ட் துளை வரை அளந்து ஒப்பிடுங்கள். பல வண்டிகளில் இந்தத் துளை சரி நடுவில் இருக்காது. ஒரு பக்கப் பட்டையை முன்பின் மாற்றிப் போட்டாலும் ஆக்ஸில் கோணலாகிவிடும்.

சென்டர் போல்ட்டை பாரம் தாங்கும் போல்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அது இடத்தைக் காட்டுவதோடு சரி. ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்துவது யூ போல்ட்டின் இறுக்கம். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுபடும். பழைய யூ போல்ட் ஒருமுறை நீண்டுவிட்டால் திரும்ப இறுக்கம் தராது. நான்கையும் புதிதாகப் போடுங்கள். எதிரெதிர் மூலையாக மூன்று சுற்றில் இறுக்கி, கடைசிச் சுற்றை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முடியுங்கள். ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட், ஷாக்கிள் போல்ட் இரண்டையும் எடை இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். வண்டி தூக்கியிருக்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். 500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே முன்சக்கர டோ. ஆக்ஸிலைத் தொடாமல், முன்சக்கரத்தை அதன் கோணலுக்கு ஏற்றபடி வைத்து ஸ்டீயரிங்கை நேராக்கவும் முடியும். ஆனால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்துதான் ஓடும். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பின்டயர்கள் இரண்டும் உள்பக்கம் மட்டும் தேய்கின்றன. பட்டைக்கு அடியில் ஆப்புத் தகடு வைத்தால் சரியாகும் என்கிறார்கள். வைக்கலாமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். அந்தத் தகடு ஆக்ஸிலை முன்பின்னாகச் சுழற்றும். மாறுவது கிரவுன் பினியனின் கோணம். கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) மாறாது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் அதிர்வுதான் மிச்சமாகும்.

பாரம் பட்டை வழியாக ஹவுசிங்கைக் கீழே அழுத்துகிறது. சக்கரம் முனையை மேலே தள்ளுகிறது. அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டே இருந்தால் ஹவுசிங் நடுவில் தொய்ந்து, இரு சக்கரங்களின் மேற்பகுதியும் உள்ளே சாயும். அரைபடுவது டயரின் உள்விளிம்புதான். வீல் பேரிங்கும் ஆயில் சீலும் மாற்றி மாற்றிப் போகின்றனவா? அப்படியானால் சந்தேகம் வலுக்கிறது.

முடிவு கட்டுமுன் இரண்டு சோதனை. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் பேரிங். பிறகு கேம்பரை அளந்து, சக்கரத்தை அரைச் சுற்று சுற்றி மறுபடி அளங்கள். அளவு மாறினால் ரிம்மோ ஆக்ஸில் ஷாஃப்ட்டின் பிளேஞ்ஜோ வளைந்திருக்கிறது. மாறாவிட்டால் ஹவுசிங். அதை இறக்கி, ஷாஃப்ட்டுகளை உருவிவிட்டு, பிரஸ்ஸில் நேராக்கலாம். கேஸ் கட்டரால் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்துகிறவர்களிடம் கொடுக்காதீர்கள்; அந்த இடம் பலம் இழந்து மறுபடி வளையும். வளைவு அதிகமென்றால் வேறு ஹவுசிங் போடுவதே நல்லது.

கேள்வி: காயில் ஸ்பிரிங் வண்டி. உயரமான ஸ்பிரிங் போட்ட பிறகு ஒரு பக்க டயர் மட்டும் ஃபெண்டரை விட்டு வெளியே தெரிகிறது. அலைன்மென்ட் போய்விட்டதா?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: டோ பெரும்பாலும் கெடவில்லை. ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு ஒரு முனை பாடியிலும் மறுமுனை ஆக்ஸிலிலும் இருப்பதால், உயரம் கூடும்போது ஆக்ஸிலை வட்டமாக ஒரு பக்கம் இழுக்கும். சில மில்லிமீட்டர் என்றால் டயர் தேயாது. நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு, வண்டி தரையில் நிற்கும்போது இரு ஃபெண்டரிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, டயர் வரை உள்ள இடைவெளி சமமாகும்வரை திருப்பி லாக் நட்டை இறுக்குங்கள்.