24 ஹேண்டிகேப்புக்கு முதல் ஃபேர்வே வுட்: 3 வேண்டாம், 5 அல்லது 7 பாருங்கள்

கோல்ஃபில் ஹேண்டிகேப் 24 (திறமையைக் காட்டும் எண், கூடினால் ஆட்டம் சுமார் என்று அர்த்தம்), டிரைவர் (முதல் அடிக்கான மிக நீளமான கிளப்) நன்றாகப் பட்டால் 200 யார்டு, பையில் டிரைவருக்கும் 6 அயர்னுக்கும் (மெல்லிய உலோகத் தலைக் கிளப்) நடுவே எதுவுமே இல்லை, வுட் எனப்படும் பருத்த தலைக் கிளப்பில் 3 வுட் வாங்கவா 5 வுட் வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன், 5 வுட். 7 வுட் வாங்குகிறேன் என்றாலும் சந்தோஷமாகத் தலையாட்டுவேன். 3 வுட் மட்டும் இப்போதைக்கு வேண்டாம், கடைக்காரர் பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

இந்தக் கிளப்பை எங்கே அடிக்கப் போகிறீர்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். பார் 5-ல் (ஐந்து அடியில் முடிக்க வேண்டிய குழியில்) இரண்டாவது ஷாட், டிரைவர் சொதப்பிய பார் 4-ல் இரண்டாவது ஷாட், அப்புறம் எப்போதாவது ஒரு நீளமான பார் 3. அதாவது பெரும்பாலும் பந்து தரையில் கிடக்கும், டீ (பந்தை உயர்த்தி வைக்கும் ஆணி) கிடையாது. 3 வுட்டின் லாஃப்ட், அதாவது பந்தில் படும் கிளப் முகத்தின் சாய்வு, பொதுவாக 15 டிகிரி, ஷாஃப்ட், அதாவது தண்டு, 43 அங்குலம். அவ்வளவு குறைந்த லாஃப்டை வைத்துத் தரையில் இருக்கும் பந்தை உயரமாக எழுப்ப வேண்டுமென்றால் அதற்கு வேகம் வேண்டும், வேகம் போதவில்லை என்றால் அடி சரியாகப் பட்டாலும் பந்து இடுப்பு உயரத்தில் கொஞ்ச தூரம் போய் இறங்கி உருள ஆரம்பித்துவிடும். இதை ஒரு தடவை பார்த்ததும் அடுத்த தடவை நாமே பந்தைத் தூக்கிவிடப் பார்ப்போம், உடம்பு பின்னால் சாயும், கிளப் பந்தின் மண்டையில் படும், இல்லை என்றால் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னாலேயே மண்ணில் குத்தும். வாரக் கடைசியில் சென்னை நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் பார் 5 ஃபேர்வே (வெட்டிய புல் பாதை) ஓரமாக ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பை தூக்கும் அனுபவமுள்ள கேடி யாராவது "சார், அஞ்சு எடுங்க சார்" என்று மெதுவாகச் சொல்வார், சார் காதில் விழாத மாதிரி 3 வுட்டை உருவுவார்.

5 வுட் 18 அல்லது 19 டிகிரி, ஷாஃப்ட் அரை அங்குலம் குட்டை. 7 வுட் 21 டிகிரி சுற்றி, இன்னும் அரை அங்குலம் குட்டை. கேட்க அற்பமாகத்தான் இருக்கும், ஆனால் நீளம் குறையக் குறைய பந்து முகத்தின் நடுவில் படுவது கூடும், லாஃப்ட் கூடக் கூட பந்து தானாக எழும், பக்கவாட்டில் வளைவதும் குறையும்.

தூரம் குறையுமே என்பீர்கள். பந்தின் பறப்பை ரேடாரால் அளக்கும் டிராக்மேன் நிறுவனம் சில வருடங்களுக்கு முன் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரிகளை வெளியிட்டது. அதில் எல்பிஜிஏ (அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைச் சுற்று) பெண்கள் டிரைவரைச் சுழற்றும் வேகம் மணிக்குச் சுமார் 94 மைல், சாதாரண ஆண் அமெச்சூரின் வேகமும் ஏறக்குறைய அதுதான். அதனால் நாம் பார்க்க வேண்டியது அந்தப் பெண்களின் கணக்கை, டிவியில் 113 மைலில் சுழற்றும் ஆண்களின் கணக்கை அல்ல. அந்தப் பெண்களின் பந்து 3 வுட்டில் காற்றிலேயே போகும் தூரம் சுமார் 195 யார்டு, 5 வுட்டில் 185, 7 வுட்டில் 174. தினமும் பந்து அடித்தே பிழைக்கும் ஆட்களுக்கே 3-க்கும் 5-க்கும் நடுவே பத்து யார்டுதான். உங்கள் 200 யார்டு டிரைவரை வைத்துப் பார்த்தால் உங்கள் வேகம் அதற்கும் கீழே, அங்கே அந்தப் பத்து யார்டும் கரைந்துவிடும், பல நாள் 5 வுட்தான் தூரம் போகும்.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நம் அதிதி அசோக் நான்காவது வந்தாரே, டீயிலிருந்து குறைவான தூரம் அடித்தவர்களில் அவர் ஒருவர். மற்றவர்கள் குட்டை அயர்ன் எடுக்கும் இடத்தில் நீளமான கிளப்பை எடுத்து கிரீனில் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) நிறுத்திக்கொண்டு, மீதியைப் பட்டரால் (பந்தை உருட்டும் கிளப்) சமாளித்தார். 7 வுட் தாத்தாக்களின் கிளப் என்று மைதானத்தில் யாராவது கிண்டல் செய்தால், 2020 மாஸ்டர்ஸ் போட்டியைப் பாரைவிட 20 அடி குறைவாக ஆடி ஜெயித்த டஸ்டின் ஜான்சனின் பையிலும் ஒரு 7 வுட் இருந்தது என்று சொல்லுங்கள், பேச்சு அதோடு நிற்கும்.

சரி, கடைக்குப் போனால் என்ன பார்ப்பது? அடியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் லாஃப்ட் எத்தனை டிகிரி என்று கேளுங்கள், ஒரு கம்பெனியின் 3 வுட் 15 இருக்கும், அதே வரிசையில் 16.5 டிகிரியிலும் 3 என்று எழுதி ஒன்று இருக்கும். பிறகு கிளப்பைத் தரையில் வைத்து முகத்தின் உயரத்தைப் பாருங்கள். முகம் குட்டையாகவும் தலை தட்டையாகவும் இருந்தால் எடை கீழே இருக்கும், தரையிலிருந்து அடிக்க அதுதான் சௌகரியம். உயரமான முகம் டீ மேல் வைத்து அடிப்பவர்களுக்கு. ஷாஃப்டை டிரைவர் ஷாஃப்டைவிட ஐந்து பத்து கிராம் கனமாக எடுப்பது வழக்கம், அதைவிட லேசாக எடுத்தால் கை அவசரப்படும். கழுத்தில் லாஃப்ட் மாற்றும் திருகு இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், லாஃப்டைக் கூட்டினால் முகம் கொஞ்சம் மூடும், குறைத்தால் திறக்கும். பந்து வலது பக்கமாக வளைந்து போகும் வலதுகைக்காரர் லாஃப்டைக் குறைத்துவிட்டு தூரம் கிடைக்கும் என்று காத்திருந்தால் ஸ்லைஸ்தான் கூடும்.

எந்தக் கிளப்பாக இருந்தாலும் அடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, அந்தப் பக்கம் கிளப் படுகிற மாதிரி வைத்து அடியுங்கள், முகத்தில் மை ஒட்டும். மை முகத்தின் அடிவரிசைக் கோட்டுக்குக் கீழேயே விழுந்துகொண்டிருந்தால் பந்தை மண்டையில்தான் அடிக்கிறீர்கள், அந்த லாஃப்டில் பந்து உங்களுக்கு எழவில்லை. நடுவிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ விழுந்தால் நல்ல அறிகுறி. துணியால் துடைத்தால் மை போய்விடும், கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இதை முடிந்தவரை புல் மேல் செய்யுங்கள். பயிற்சி ரேஞ்சில் விரித்திருக்கும் பாய் பொய் சொல்லும், பந்துக்குப் பின்னால் அடித்தாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தில் பட்டுவிடும், நீங்களும் ஆகா என்று பணத்தைக் கட்டிவிடுவீர்கள். மே மாதத்தில் இறுகிக் கிடக்கும் சென்னை ஃபேர்வேயில் அந்தச் சலுகை கிடையாது.

கொடைக்கானல், ஊட்டி பக்கம் அடிக்கடி ஆடுபவர் என்றால் 5-ஐயும் தாண்டி 7-க்கே போகலாம். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே, காற்று மெலிசு, பந்து அங்கே சாதாரணமாகவே கூடுதல் தூரம் போகும், அதனால் நீளத்துக்காக ஏங்க வேண்டியதில்லை. மைதானம் முழுக்க மேடு பள்ளம், பந்து ஒரு தடவை காலுக்கு மேலே, ஒரு தடவை காலுக்குக் கீழே, அப்படி நிற்கும்போது கையில் குட்டையான ஷாஃப்ட் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்று ஆடினால்தான் தெரியும். (காட்டு மாடு ஃபேர்வேயில் மேய்ந்தால் எந்த வுட்டும் எடுக்காமல் காத்திருங்கள்.)

வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட ஹைபிரிட் வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். தப்பில்லை. அயர்ன் அடிக்கும்போது பந்தில் பட்ட பிறகு அதற்கு அப்பால் உள்ள புல்லைப் பெயர்த்து எடுப்பவர் நீங்கள் என்றால் ஹைபிரிட் பொருந்தும், ஆழமான ரஃபிலிருந்தும் (ஃபேர்வே ஓரத்து நீளப் புல்) அது சுலபமாக வெளியே வரும். புல்லைத் தொட்டும் தொடாமலும் பெருக்குகிற மாதிரி அடிப்பவர் என்றால் வுட்தான். அதே லாஃப்டில் வுட் பந்தை இன்னும் உயரமாக அனுப்பும், செங்குத்தாக இறங்கி கிரீனில் நிற்கும். ஹைபிரிட் தாழ்வாகப் போய் கொஞ்சம் ஓடும்.

காசு விஷயம். இந்த வருட மாடல் என்றால் 25,000 ரூபாயை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். நான்கைந்து வருடம் பழைய மாடல் உங்களுக்கு எந்தக் குறையும் வைக்காது, தெரிந்த ஆட்டக்காரரிடம் கைமாற்றாக வாங்குங்கள், முன்பின் தெரியாதவர் இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு விற்றால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். பையில் 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம், உங்களுக்கு இடம் நிறையவே இருக்கிறது. முதலில் 5 வுட், ஆறு மாதம் ஆடுங்கள், பிறகு 6 அயர்னுக்கும் அதற்கும் நடுவே எத்தனை யார்டு இடைவெளி விழுகிறதோ அதைப் பார்த்து 5 ஹைபிரிட்டோ 9 வுட்டோ சேர்த்துக்கொள்ளலாம்.