குரல் கேட்கும் கணினியும் கேட்க வேண்டிய குரலும்

கேள்வி: மனச்சிதைவு நோயைப் (ஸ்கிசோஃப்ரினியா) பற்றிப் பாடம் நடத்தும்போது, ‘காதில் குரல் கேட்கும்’ என்பது எங்கள் மாணவியருக்குத் தேர்வுக்கு எழுதும் ஒரு வரியாகவே நின்றுவிடுகிறது. கணினி உருவாக்கிக் காட்டும் மெய்நிகர் உலகில் அந்த அனுபவத்தையே காட்டிவிடலாம் என்கிறார்களே, பயன் உண்டா?
– செவிலியர் கல்லூரி ஆசிரியை, திருச்சி

பதில்: பயன் உண்டு, காட்டியதோடு வகுப்பை முடித்துவிட்டால் கெடுதலும் உண்டு.

கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்து மனநல மருத்துவர் பீட்டர் யெல்லோலீஸ், ‘செகண்ட் லைஃப்’ என்னும் இணைய உலகில் ஒரு மனநலப் பிரிவை அமைத்தார். தலையில் மாட்டும் கருவி இல்லை, வெறும் கணினித் திரைதான். அதற்குள் நடப்பவர் செய்தித்தாளைப் பார்த்தால் ‘சாவு’ என்ற சொல் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். சுவரொட்டியின் வாசகம் கண்ணெதிரிலேயே வசையாக மாறும். காலடித் தரை விலகி, மேகங்களுக்கு மேல் மிதிகற்கள் மட்டும் எஞ்சும். எல்லாம் நோயாளிகளிடம் கேட்டறிந்து உருவாக்கியவை. 2006இல் வெளியான ஆய்வின்படி, கருத்துச் சொன்ன 579 பேரில் 76 விழுக்காட்டினர், இல்லாத குரல் கேட்பது எப்படிப்பட்டது என்பது முன்பைவிட நன்றாகப் புரிந்ததாகக் கூறினர். புரிந்ததாக அவர்களே சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இத்தகைய பாவனைப் பயிற்சிகளைத் தொகுத்து ஆராய்ந்த 2011ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பரிவு கூடுகிறது, கூடவே நோயாளியிடமிருந்து விலகியிருக்கும் எண்ணமும் கூடுகிறது என்கிறது. இதில் எனக்கு வியப்பில்லை. பார்ப்பவருக்குக் கிடைப்பது முதல் சில நிமிட அதிர்ச்சி மட்டுமே. மருந்தோடும் பழக்கத்தோடும் அந்தக் குரல்களைச் சமாளித்து வேலைக்குப் போய்வரும் பல ஆண்டு வாழ்க்கை அதில் வருவதில்லை. பேச்சு குறைந்து, குளிக்கவும் மனமின்றி முடங்கிக் கிடப்பவரை வீட்டார் ‘சோம்பேறி’ என்று ஏசுகிறார்களே, அந்த முடக்கமும் இந்நோயின் அறிகுறிதான். அதை எந்தத் திரையில் காட்டுவது?

ஆகவே, அதே நாளில், நோயிலிருந்து தேறிய ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பேச வையுங்கள். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். தனக்கோ வீட்டிலோ இந்நோய் இருந்தவர் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ள இடம் கொடுங்கள். பணமில்லை என்றால் காதில் மாட்டும் ஒலிக்கருவியே (ஹெட்போன்) போதும்: இளமையில் மனச்சிதைவு நோய்க்கு ஆளாகி, பின்னர் உளவியலாளரான அமெரிக்கர் பட்ரீசியா டீகன் அமைத்த பயிற்சி அத்தகையதுதான். காதில் குரல்கள் ஏசிக்கொண்டிருக்க, எதிரே இருப்பவர் கேட்கும் எளிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்வியிலேயே, ‘என்ன கேட்டீர்கள்?’ என்று உங்கள் மாணவி திரும்பக் கேட்பாள்.