சீட்டு முதலில், ரயில் பிறகு

கே: மே விடுமுறையில் குடும்பமாக ஆறு பேர் காட்டுப் புலியைப் பார்க்கப் போகிறோம். பக்கத்திலிருக்கும் முதுமலையே போதாதா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

ப: யானைக்கும் காட்டெருமைக்கும் முதுமலை போதும். புலி அங்கும் இருக்கிறது. ஆனால் உண்ணிச்செடிப் புதர் மண்டிக் கிடப்பதால் பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் கண்ணில் படாது. புலிதான் குறி என்றால் மகாராஷ்டிராவில் சந்திரபூரை ஒட்டிய தடோபா புலிகள் காப்பகத்துக்குப் போங்கள். தேக்கும் மூங்கிலுமான வறண்ட காடு. மே மாதம் இலை உதிர்ந்து, ஓடைகள் வற்றி, மிஞ்சிய நீர்நிலைகளுக்குப் புலி வந்தே ஆக வேண்டும். வெயில் 45 டிகிரியைத் தொடும், அதற்குத் துணிந்துதான் போக வேண்டும்.

பலரும் ரயிலையும் அறையையும் போட்டுவிட்டு, கடைசியில் சஃபாரிச் சீட்டு கிடைக்காமல் நிற்கிறார்கள். மகாராஷ்டிர வனத்துறையின் இணையதளத்தில் சீட்டு உறுதியான பிறகு மற்றதைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை காட்டுக்கு விடுமுறை. ஜிப்சி எனும் திறந்த ஜீப்பில் ஆறு பேர், ஆக ஒரு வண்டி உங்களுக்குச் சரி. ஒரே சுற்றோடு திரும்புவது வீண்செலவு. இரண்டு நாள், காலையும் மாலையுமாக நான்கு சுற்றாவது போடுங்கள். மொஹர்லி, கோலாரா, நவேகாவ் என எந்த வாசலுக்குச் சீட்டோ அந்த வாசலுக்கு அருகிலேயே தங்குங்கள். தாமதமானால் சுற்று போனதுதான்.

உங்கள் ஊர்ப்பக்கம் தலைப்பெழுத்தே இரண்டு மூன்று இருக்கும். சஃபாரிச் சீட்டில் பெயரை ஆதாரில் எப்படியோ அப்படியே பதிவு செய்யுங்கள்; வாசலில் அசல் அட்டையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ரயிலில் 60 நாளுக்கு முன்தான் முன்பதிவு திறக்கும். காரைக்குடியிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னை, அன்றிரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், மறுநாள் பல்லார்ஷாவில் இறங்கி டாக்ஸி.

கே: எழுபது வயது அப்பத்தாவையும் கூட்டிப் போகலாமா? முதுகுவலி உண்டு.
- ஒரு வாசகர், காரைக்குடி

ப: காலைச் சுற்றுக்கு மட்டும் அழைத்துப் போங்கள். ஜிப்சியின் கடைசி இருக்கை பின் அச்சுக்கு மேலே இருப்பதால் தூக்கிப் போடும். நடு வரிசையில் உட்கார வைத்து, இடுப்புக்கு ஒரு தலையணை கொடுங்கள். நினைத்த இடத்தில் இறங்க விடமாட்டார்கள். கழிப்பறைத் தேவையை யோசித்து முடிவெடுங்கள்.

கே: காட்டுக்குள் புலியை எப்படித் தேடுவது?
- ஒரு மாணவர், புதுவயல்

ப: காதால். புள்ளிமான் சிறுத்தைக்கும் கத்தும், வீண் பயத்திலும் கத்தும். கடமான் ஒரே இடத்தைப் பார்த்து, காலைத் தட்டித் திரும்பத் திரும்பக் கத்தினால் நம்பலாம். அப்போது எஞ்சினை அணைக்கச் சொல்லிக் காத்திருங்கள். அடுத்த வண்டிக்காரர் சொன்னதைக் கேட்டுத் துரத்துவதைவிடக் குளத்தருகே அரை மணி நேரம் உட்காருவது பலன் தரும். ஓட்டுநரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கைபேசிக்கு உள்ளே அனுமதியில்லை, எனவே எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலர் ஒன்று இருக்கட்டும். எதையாவது பார்த்தால் கூச்சல் போடாமல் வழிகாட்டியின் தோளைத் தட்டி 'ருக்கோ' (இந்தியில் 'நிறுத்து') என்றால் வண்டி நிற்கும்.