தோள் மூட்டுத் தேய்மானம்: அறுவை சிகிச்சை இல்லாமல் வலியைக் குறைக்க முடியுமா?

கேள்வி: எக்ஸ்ரேயில் தோள் மூட்டு நன்றாகத் தேய்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அறுவை சிகிச்சைதான் ஒரே வழியா?

பதில்: இல்லை. படத்தில் தெரியும் தேய்மானமும் நோயாளி உணரும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளரச் செய்வதாக நிரூபிக்கப்பட்ட மாத்திரையோ ஊசியோ இன்றுவரை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்து வலியைத் தணிக்கும். அப்படிக் கிடைக்கும் அவகாசத்தில் பயிற்சி செய்து, கையின் அசைவு குறையாமல் காத்துக்கொள்வதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை.

கேள்வி: வலிக்கும் கையை அசைக்காமல் வைத்திருப்பதுதானே நல்லது?

பதில்: வலிக்கும்போது அப்படித் தோன்றுவது இயல்பே, ஆனால் அசைக்காத தோள் இறுகும், தசைகள் மெலியும், பிறகு சட்டை மாட்டுவதுகூடக் கடினமாகிவிடும். பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகு, நல்ல கையை மேசையில் ஊன்றி முன்பக்கமாகக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு உடம்பை மெல்ல ஆட்டினால், அந்தக் கை தானாகவே சிறு வட்டம் போடும். தோள் தசையை இறுக்கிக் கையைச் சுழற்றக் கூடாது. பயிற்சியால் கூடிய வலி மறுநாள் காலையிலும் தணியவில்லை என்றால் அளவைக் குறையுங்கள். தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்லித்தருவதே நல்லது. தலைக்கு மேல் பாரம் தூக்குவதைத் தவிருங்கள். இரவில் மல்லாந்து படுத்து, முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: போடலாம், ஆனால் அதன்பின் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறக்கூடும் என்பதால், அடிக்கடி பரிசோதித்து, தேவைப்பட்டால் மருந்தளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். நிவாரணம் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீடிக்கலாம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதங்களில் இந்த ஊசியைப் போட்டால் கிருமித்தொற்று அபாயம் கூடும் என்பதால், அப்படியொரு திட்டம் இருந்தால் அதை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: மூட்டுக்குள் வழுவழுப்புக்காகப் போடும் ஹைலூரானிக் அமில ஊசி, நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுக்களைச் செலுத்தும் பிஆர்பி ஊசி இரண்டும் பலன் தருமா?

பதில்: ஹைலூரானிக் அமில ஊசியை நான் பரிந்துரைப்பதில்லை. தோள் மூட்டுத் தேய்மானத்துக்கு அதனால் பலனில்லை என்று அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர்கள் அகாடமி 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் தெளிவாகக் கூறியிருக்கிறது. பிஆர்பிக்கு இன்னும் போதிய சான்றுகள் சேரவில்லை.

கேள்வி: வலி மாத்திரையைத் தினமும் சாப்பிடலாமா?

பதில்: சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதயநோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு மட்டும் எடுப்பதே பாதுகாப்பு.

கேள்வி: எப்போது உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

பதில்: காய்ச்சலுடன் தோள் சிவந்து வீங்கினாலோ, விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாமல் போனாலோ, அன்றைக்கே செல்லுங்கள். தோள்வலியோடு நெஞ்சு அழுத்தமும் மூச்சுத்திணறலும் வியர்வையும் வந்தால், அது மாரடைப்பாக இருக்கலாம்; ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.