மேசைக் கணினியுடன் விமானப் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மேசைக் கணினியை விமானத்தில் கொண்டுசெல்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால், அவற்றைத் தொகுத்து இங்கே ஒன்றாகப் பதில் தருகிறோம்.

கேள்வி: மேற்படிப்புக்காக வெளிநாடு செல்கிறேன். பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய கணினி ஒன்று என்னிடம் இருக்கிறது. பெரிய கிராபிக்ஸ் கார்டு, பிராசசரைக் குளிர்விக்கும் உயரமான கூலர், பக்கவாட்டில் கண்ணாடி போட்ட கேபினெட். இதை அப்படியே அட்டைப் பெட்டியில் வைத்து செக்-இன் லக்கேஜாகப் போட்டுவிடலாமா? விற்றுவிட்டுப் போ என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: கணினியைக் கொண்டுசெல்லத் தடை ஏதும் இல்லை, ஆனால் அப்படியே மட்டும் போட்டுவிடாதீர்கள். விமான நிலையத்தில் நீங்கள் ஒப்படைக்கும் பெட்டி பல பெல்ட்டுகளில் ஓடி, சரிவுகளில் வழுக்கி, மற்றப் பெட்டிகளின் மேலும் கீழுமாக அடுக்கப்பட்டு, போகும் வழியெல்லாம் இடிபட்டுத்தான் போய்ச் சேரும். அந்த இடிகளை வெளியே இருக்கும் இரும்புக் கேபினெட் தாங்கிக்கொள்ளும். உள்ளே ஒரு விளிம்பில் மட்டும் பிடிமானம் கொண்டு தொங்கும் கனமான பாகங்கள்தாம் தாங்காது. இன்றைய பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் ஒரு கிலோவுக்கு மேல் எடை உள்ளவை. அவற்றைப் பிடித்திருப்பவை பின்புறத்தில் இரண்டு மூன்று திருகுகளும் மதர்போர்டில் உள்ள ஒரு பிளாஸ்டிக் ஸ்லாட்டும்தான். பெட்டி ஒருமுறை பலமாகக் கீழே விழுந்தால், கார்டின் எடை முழுவதும் நெம்புகோலாகி அந்த ஸ்லாட்டைப் பெயர்த்துவிடும். செங்குத்தாக நிற்கும் மதர்போர்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் கூலரின் நிலையும் இதுதான். அது கழன்று விழுந்தால் தான் உடைவதோடு நில்லாமல், உருண்ட இடத்தில் இருப்பதையெல்லாம் உடைக்கும்.

ஆகவே முதலில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; எந்த வயர் எங்கே செருகியிருந்தது என்பது அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுங்கள். திருகுகளை எடுத்த பின்பும் அது வராவிட்டால் இழுக்காதீர்கள்; ஸ்லாட்டின் கோடியில் ஒரு சிறு கொக்கி இருக்கும், அதை விடுவித்தால் தானே வந்துவிடும். நிலைமின்சாரத்தைத் தடுக்கும் ஆன்டி-ஸ்டேட்டிக் உறையில் இட்டு, அதன் சொந்தப் பெட்டி இருந்தால் அதிலேயே வைத்துக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.

கூலரைக் கழற்றுவதில் இன்னும் கவனம் தேவை. கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பிராசசர் சூடானதும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே மேலே தூக்குங்கள். இடையில் இருக்கும், வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் குளிர்ந்திருந்தால் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகைப் பிராசசர்களில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருப்பதால், கூலரை வெடுக்கென்று இழுக்கும்போது பிராசசரும் சேர்ந்து சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, ஊசிகள் வளைந்துபோவது அடிக்கடி நடக்கிறது. கூலர் வந்த பின் பிராசசரைச் சாக்கெட்டிலேயே விட்டுவிடுங்கள். அதுவே அதற்குப் பாதுகாப்பான இடம். ரேம், மதர்போர்டில் செருகிய எம்.2 எஸ்எஸ்டி என்னும் மெல்லிய சேமிப்பகம் போன்ற எடையற்ற பாகங்களையும் அசைக்க வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்ததும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இட வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

கண்ணாடிப் பக்கத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். டெம்பர்டு கண்ணாடி நடுவில் பலமாக அழுத்தினாலும் தாங்கும், ஓரத்தில் ஒரு சிறு அடி பட்டால் முழுவதுமாகச் சிதறும். அந்தத் துகள்கள் மின்விசிறிகளுக்குள்ளும் ஸ்லாட்டுகளுக்குள்ளும் புகுந்தால் எடுப்பது பெரும்பாடு. கண்ணாடி இருந்த இடத்துக்குத் தடித்த அட்டையை அளவாக வெட்டி ஒட்டினால் போதும். அதற்கு முன் கேபினெட்டின் உள்ளே உள்ள வெற்றிடத்தை இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் ஆன்டி-ஸ்டேட்டிக் பபிள் ராப் கொண்டு, எதுவும் அசையாத அளவுக்கு, ஆனால் எதையும் நெருக்காமல் நிரப்புங்கள். தெர்மகோல் உருண்டைகள் வேண்டாம்; அவை நிலைமின்சாரத்தை உண்டாக்குவதோடு உதிர்ந்து எங்கும் ஒட்டிக்கொள்ளும். வெளியே இரட்டைச் சுவர் அட்டைப் பெட்டி, ஆறு பக்கமும் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் மெத்தை. கேபினெட் வாங்கியபோது வந்த பெட்டியும் அதன் வார்ப்பு நுரையும் இருந்தால் அவற்றைவிடச் சிறந்தது வேறில்லை.

அளவைப் பொறுத்தவரை, பெரும்பாலான விமான நிறுவனங்கள் செக்-இன் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. எடை வரம்பு எகானமி வகுப்பில் பல நிறுவனங்களில் 23 கிலோ. கூடுதல் கட்டணம் செலுத்தினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது ஏறக்குறைய எங்கும் உள்ள விதி. நடுத்தர அளவுள்ள கேபினெட் மெத்தையோடு சேர்த்தும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். கைப்பையாக எடுத்துச் செல்ல அது மிகப் பெரியது. மினி-ஐடிஎக்ஸ் எனப்படும் சிறிய கேபினெட்டுகளில் சில மட்டுமே அதற்கு இடம் தரும், அப்போதும் எடை வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திருப்புளியைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வையுங்கள். பாதுகாப்பு அதிகாரிகள் பெட்டியைத் திறந்து பார்க்கக்கூடும் என்பதால், உள்ளே இருப்பது என்ன, எந்த வரிசையில் திரும்ப அடுக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் படத்தோடு எழுதி மேலாக வைத்தால், முன்பின் அறியாத ஒருவரும் சரியாக மூட முடியும்.

இவ்வளவும் சொன்ன பின், வீட்டில் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். கேபினெட், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ், மானிட்டர் ஆகிய மூன்றும் இடத்தையும் எடையையும் பெருமளவு எடுத்துக்கொள்பவை. ஒப்பிட்டால் எளிதாக வாங்கக்கூடியவை. இவற்றை விற்றுவிட்டு, பிராசசரும் ரேமும் பூட்டிய மதர்போர்டை அதன் பெட்டியிலும், கூலரைத் துணிகளுக்கிடையிலும், கிராபிக்ஸ் கார்டையும் டிஸ்க்குகளையும் கைப்பையிலுமாகக் கொண்டுசெல்வதையே நான் பரிந்துரைப்பேன். நீங்களே பூட்டிய கணினி என்பதால் மறுபடி பூட்டுவது உங்களுக்குச் சிரமமாக இராது.

கேள்வி: எக்ஸ்ரே ஸ்கேனருக்குள் போனால் ஹார்டு டிஸ்கில் உள்ளவை அழிந்துவிடும் என்கிறார்கள். விமானத்தின் சரக்கறையில் காற்றழுத்தம் குறைவதாலும் டிஸ்க் கெடுமா?

பதில்: இரண்டுக்கும் அஞ்ச வேண்டாம். ஹார்டு டிஸ்கில் தகவல் காந்தப் பதிவாக இருக்கிறது. எக்ஸ் கதிருக்குக் காந்தப் பதிவை மாற்றும் தன்மை இல்லை. கழுவாத புகைப்படச் சுருள்தான் அந்தக் கதிரால் பாழாகும். சரக்கறையும் பயணிகள் அறையைப் போலவே காற்றழுத்தம் ஊட்டப்பட்டது; அங்குள்ள அழுத்தம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையூரின் அழுத்தத்துக்குக் கீழே போவதில்லை. ஹார்டு டிஸ்க்குகள் 3,000 மீட்டர் உயரம் வரை ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்யப்பட்டவை, நீங்கள் கொண்டுசெல்வதோ ஓடாத டிஸ்க். கணினியை முழுவதுமாக அணைத்ததும் அதன் படிக்கும் முனைகள் தட்டை விட்டு விலகிப் பாதுகாப்பாக ஒதுங்கிவிடுகின்றன, அந்த நிலையில் ஓடும்போது தாங்குவதைவிடப் பல மடங்கு அதிர்ச்சியை அது தாங்கும். உறக்க நிலையில் வைக்காமல் முறையாக அணைப்பது மட்டுமே உங்கள் பொறுப்பு.

இருந்தும் டிஸ்க்கைக் கைப்பையில்தான் வைக்கச் சொல்வேன், ஏனென்றால் உண்மையான ஆபத்து கதிரில் இல்லை, பெட்டி தொலைந்துபோவதில் இருக்கிறது. வேறு பாகம் எதையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். குடும்பப் படங்களையும் ஆய்வேட்டையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. புறப்படும் முன் முழு நகல் ஒன்றை எடுத்து, அதை உங்களோடு பயணம் செய்யாத இடத்தில் விட்டுச் செல்லுங்கள். டிஸ்கில் உள்ளதைக் குறியாக்கிக் காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இயங்கிக்கொண்டிருந்தால், பாகங்களைக் கழற்றி மாட்டிய பின் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவியை முன்னதாகவே தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 27 அங்குல மானிட்டரை எப்படிக் கட்டுவது?

பதில்: வண்ணத் துல்லியத்துக்காக அதிக விலை கொடுத்து வாங்கிய மானிட்டராக இல்லாவிட்டால் விட்டுச் செல்லுங்கள். கொண்டுசெல்வதாக இருந்தால் அது வந்த பெட்டியும் அதன் தெர்மகோல் வார்ப்பும் கட்டாயம் வேண்டும், ஏனெனில் அந்த வார்ப்பு ஓரங்களைப் பிடித்துக்கொண்டு திரையின் நடுவில் எதுவும் அழுத்தாமல் பார்த்துக்கொள்கிறது. துணியையும் தலையணையையும் வைத்துக் கட்டினால் மெத்தை திரையின் மீதே அழுந்தி, அதுவே விரிசலுக்குக் காரணமாகும். தாங்கியைக் கழற்றித் தனியாக வையுங்கள். உடையும் பொருள் என்று ஒட்டும் சீட்டை நம்பிக் கட்டுவதில் குறை வைக்காதீர்கள். சில நிறுவனங்கள் இத்தகைய பொருளுக்குத் தனி இருக்கை வாங்க அனுமதிப்பதுண்டு. அதற்கு முன்பதிவின்போதே பேசியிருக்க வேண்டும்.

கேள்வி: யுபிஎஸ், தூசி ஊதும் கேன், மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி: இவற்றுக்கு ஏதாவது தடை உண்டா?

பதில்: யுபிஎஸ்ஸை விட்டுச் செல்லுங்கள், அதன் ஈய-அமில பேட்டரி எடையும் கூடுதல், அனுமதி பெறுவதும் தொல்லை. அழுத்தக் காற்றுக் கேனும், துடைக்கப் பயன்படும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் புட்டியும் கூடவே கூடாது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியில் உள்ள லித்தியம் ஏறக்குறைய 0.1 கிராம்தான், அனுமதிக்கப்படும் அளவு 2 கிராம் என்பதால் அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பவர் பேங்க்கையும் தனியாக உள்ள லித்தியம் பேட்டரிகளையும் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. கொள்ளளவு 100 வாட்-மணி வரை உள்ளவற்றைக் கைப்பையில் கொண்டுசெல்லலாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கைப்பையில் புகைந்தால் பணியாளர்கள் உடனே கவனித்து அணைக்க முடியும், சரக்கறையில் அது முடியாது என்பதே இந்த விதியின் காரணம்.

கேள்வி: போகும் நாட்டில் மின்னழுத்தம் வேறு என்றால் கணினி எரிந்துவிடுமா?

பதில்: எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் உலகில் எங்கும் ஓடும். 50, 60 ஹெர்ட்ஸ் வேறுபாடும் பொருட்டல்ல. உள்ளூர்ப் பிளக் கொண்ட மின்கம்பி ஒன்றை மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனை எல்லா நாடுகளிலும் ஒன்றுதான். பழைய வகைகளில் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். 115இல் வைத்துவிட்டு 230 வோல்ட் இணைப்பில் செருகினால் எஸ்எம்பிஎஸ் அந்த நொடியே போய்விடும், மற்றப் பாகங்களையும் கூட இழுத்துக்கொண்டு போகலாம். ஆகவே செருகுவதற்கு முன் அந்த ஸ்விட்ச்சை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

கேள்வி: பயன்படுத்திய கணினிக்குச் சுங்க வரி கேட்பார்களா?

பதில்: அது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், போகும் நாட்டின் சுங்கத் துறை விதியைப் புறப்படும் முன் படித்துவிடுங்கள். வாங்கிய ரசீதும் பாகங்களின் வரிசை எண்களும் கையில் இருக்கட்டும். திரும்பக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், வெளியேறும்போதே சுங்கத்தில் பதிவு செய்து சான்று பெற முடியுமா என்று கேளுங்கள். திரும்பும்போது அதைப் புதிதாக வாங்கியது என்று கருதாமல் இருக்க அந்தச் சான்று உதவும்.

கேள்வி: போய்ச் சேர்ந்ததும் உடனே இயக்கலாமா? பெட்டி உடைந்து வந்தால் யாரிடம் கேட்பது?

பதில்: பெட்டி குளிர்ந்திருந்தால் சில மணி நேரம் அறையிலேயே மூடியபடி இருக்கட்டும், குளிர்ந்த உலோகத்தின் மீது அறைக் காற்றின் ஈரம் படிந்து, அது உலரும் முன் மின்சாரம் பாய்வதுதான் கேடு. பிறகு திறந்து, உள்ளே அடைத்த மெத்தையை ஒன்று விடாமல் எடுத்து, பாகங்களைப் பூட்டி, ரேமை ஒருமுறை அழுத்திவிட்டு இயக்குங்கள். திரையில் எதுவும் வராவிட்டால் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், பிறகு ரேமைக் கழற்றி மாட்டுங்கள். பெரும்பாலும் கோளாறு இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது.

உடைந்து வந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே லக்கேஜ் கவுண்டரில் எழுத்துமூலம் புகார் கொடுத்து அதன் நகலைப் பெறுங்கள். சர்வதேசப் பயணங்களில் 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கை பொருந்தும் இடங்களில், செக்-இன் பெட்டியின் சேதத்துக்கான புகாரை, பெட்டி கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இழப்பீட்டுக்கு ஒரு பயணிக்கு இவ்வளவு என்ற உச்ச வரம்பு இருக்கிறது. சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகான எஸ்டிஆரில் அது 2024 டிசம்பர் 28 முதல் 1,519. உங்கள் கணினி அதைவிட விலை உயர்ந்தது என்றால், பெட்டியை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைத் தனியாக அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணம் செலுத்தி, வரம்பை உயர்த்திக்கொள்ளவும் உடன்படிக்கை இடம் தருகிறது. ஆனால் பொருளின் இயல்பான குறையால் வந்த சேதம் என்று நிறுவனம் காட்டினால் இழப்பீடு கிடைக்காது. சரியாகக் கட்டப்படவில்லை என்ற வாதமும் எழும். ஆகவே கட்டும்போது ஒவ்வொரு படியையும், ஒப்படைக்கும் முன் மூடிய பெட்டியின் ஆறு பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால், செக்-இன் பெட்டியில் வைத்த மின்னணுப் பொருட்களுக்கு அது பொருந்துமா என்பதைப் பத்திரத்தில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பல பத்திரங்கள் அவற்றைச் சிறிய எழுத்தில் விலக்கி வைத்திருக்கின்றன.